வண்டியின் அச்சும் வியாபாரத்தின் முதலும்

வைகாசி பிரம்மோற்சவத்தில் நம் ஊர் வரதராஜப் பெருமாள் தேர் நிலையை விட்டுப் புறப்படுமுன், அதன் அச்சையும் சக்கரங்களையும் பார்வையிட்டு உறுதி செய்வது வழக்கம். ஆண்டுக்கு ஒருநாள் ஓடும் தேருக்கே இவ்வளவு அக்கறை என்றால், ஆண்டு முழுவதும் மூட்டை சுமக்கும் கடை வண்டிக்கு எவ்வளவு அக்கறை வேண்டும்? இந்தக் கேள்வியை நான் காலம் தாழ்த்தித்தான் கேட்டுக்கொண்டேன். அந்த அனுபவம் சக வணிகர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

மலைக்குப் போகும் வண்டி

எங்களுடையது காஞ்சிபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம். செய்யாறு, ஆரணி, போளூர் வழியாக ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூர் வரை எங்கள் வண்டி போய்வரும். போகும்போது அரிசி, எண்ணெய், உப்பு, சோப்பு. வரும்போது சாமை, புளி, தேன், கடுக்காய். மலை ஏறும் பெரிய சாலை தார்ச்சாலைதான். உள்ளே இருக்கும் சிற்றூர்களுக்கோ மண்பாதை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாதாரண வண்டியின் பின்சக்கரம் சேற்றில் சுற்றிக்கொண்டே நிற்கும். அதனால் நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் பிக்கப் ஒன்றைப் பழையதாக வாங்கினோம்.

இந்த வகை வண்டி நம் நாட்டுக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் பேர் வாங்கிய வில்லிஸ் ஜீப்பை, 1940களின் இறுதியிலேயே பம்பாயில் மகிந்திரா நிறுவனத்தார் பூட்டி விற்கத் தொடங்கினர். போடி மலைப்பக்கம் ஏலத்தோட்டங்களுக்கும், கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கும் போய்வருவது இன்றும் ஜீப்புகள்தான்.

மூன்று முறை ஒட்டுப் போட்டேன்

முதலில் வண்டி கிளம்பும்போது ‘டக்’ என்றொரு சத்தம் வந்தது. டிரைவர் சொன்னார், கிராஸ் மட்டும் மாற்றினோம். அடுத்து வேகம் பிடிக்கும்போது பின்னால் ‘ஊம்’ என்று முனகல். பேரிங் ஒன்றை மாற்றச் சொன்னேன். பிறகு பின்சக்கரத்தின் உட்புறம் எண்ணெய்க் கசிவு. மலிவாக ஒரு சீல் போட்டு அனுப்பினேன். சீசன் நேரத்தில் வண்டி நிற்கக் கூடாது என்பதே என் கவலை.

ஒருநாள் புளி மூட்டைகளோடு மலை இறங்கும்போது பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. ஹௌசிங் எண்ணெய் கசிந்து பிரேக் டிரம்முக்குள் போயிருந்தது. டிரைவர் பதறாமல் கீழ் கியருக்கு மாற்றி, மலைப்பக்கத்து மண்மேட்டில் வண்டியை அணைத்து நிறுத்தினார். சரக்குக்குச் சேதமில்லை; ஆளுக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. பல ஆண்டுகளாக என் சரக்கைச் சுமந்து வந்தவரின் உயிரை ஒரு சீல் விலையில் நான் எடைபோட்டிருக்கிறேன்.

பட்டறை மேஸ்திரி பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “முதலாளி, இது இன்னைக்கு வந்த வியாதி இல்லை. சீல் போனது கடைசியில. அதுக்கு முன்னாடியே பேரிங் ஆடியிருக்கு. பேரிங் ஆடினதால பல்லு தேஞ்சிருக்கு. ஒண்ணை மாத்தினா இன்னொண்ணு கெடுக்கும்.”

முழுமையாகப் பிரித்தபோது கற்றது

இன்ஜின் சக்தி கியர்பாக்ஸ் வழியாக டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு வருகிறது. அங்கிருந்து முன்னும் பின்னுமாக இரண்டு புரொப்பல்லர் ஷாஃப்டுகள் செல்கின்றன. ஒவ்வோர் அச்சிலும் கிரவுன், பினியன் என்ற இரு பற்சக்கரங்கள் அந்தச் சுழற்சியைச் சக்கரத்துக்குத் திருப்புகின்றன. பழைய ஜீப்புகள் பலவற்றில் கிரவுனுக்கு 43 பல், பினியனுக்கு 8 பல். அதாவது பினியன் சுமார் 5.38 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று.

கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உரசிப் பொருத்தப்பட்ட ஜோடி. பெரும்பாலும் இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். ஒன்றை மட்டும் மாற்றுவது பணத்தை வீணாக்குவது. புதுப்பேட்டையில் பழைய சாமான் வாங்குவோர் எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும்.

பினியன் பேரிங் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதை மேஸ்திரி எதைக் கொண்டு பார்த்தார் தெரியுமா? நம் கடையில் தொங்குவது போன்ற சுருள்வில் தராசு! பினியன் தலையில் கயிற்றைச் சுற்றி, தராசின் கொக்கியில் மாட்டிச் சீராக இழுத்தார். சுழலும்போது காட்டும் எடையைக் கையேட்டோடு ஒப்பிட்டார். இறுக்கம் கூடினால் பேரிங் சூடேறும். குறைந்தால் பினியன் ஆடும்.

பல்லுக்கும் பல்லுக்கும் இடையே விடும் இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அதை டயல் கேஜ் வைத்து அளந்து, மெல்லிய சிம் தகடுகளால் சரிசெய்ய வேண்டும். பிறகு பல்லில் சாயம் பூசிச் சுழற்றினால், தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் சத்தம் வரும். நாளடைவில் பல் சில்லு சில்லாக உடையும். கேஜ் இல்லாமல் “கைப்பழக்கம் போதும்” என்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஃபோர் வீல் வண்டிக்கு இன்னொரு விதி உண்டு. முன் அச்சும் பின் அச்சும் ஒரே பல் விகிதத்தில் இருக்க வேண்டும். நான்கு டயரும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபோர் வீல் போட்டதும் இரண்டு அச்சும் ஒன்றையொன்று எதிர்த்து முறுக்கும். காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டினாலும் இதே முறுக்கம்தான். வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை. சேற்றில் வழுக்கி அந்த வித்தியாசம் கழிந்துவிடும், தாரில் கழியாது. எங்கள் வண்டியின் டிரான்ஸ்ஃபர் கேஸ் தேய்ந்ததற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்றார் மேஸ்திரி.

கசிவுக்குக் காரணம் சீல் மட்டுமல்ல. ஹௌசிங் மேலுள்ள சிறிய காற்றுத் துளை மண்ணடைத்துப் போயிருந்தது. எண்ணெய் சூடேறும்போது உள்ளே அழுத்தம் கூடி, சீலைத் தாண்டி எண்ணெய் வெளியேறியிருக்கிறது. செலவே இல்லாமல் சுத்தம் செய்யக்கூடிய ஒரு துளை!

மூட்டைக் கணக்கு

உண்மையான காரணத்தை இனி மறைக்க வேண்டாம். நான் அதிகப் பாரம் ஏற்றினேன். ‘இன்னும் நாலு மூட்டை’ என்று டிரைவரைக் கட்டாயப்படுத்தியவன் நானே. மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு தாங்காது என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் என்றோ எச்சரித்திருக்கிறார். சட்டமும் சும்மா இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தப்படி, அதிகப் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். நாலு மூட்டையின் லாபம் இதற்கு ஈடாகுமா?

சீரமைப்பதா, விற்பதா?

இதில் உணர்ச்சிக்கு இடமில்லை, கணக்குத்தான். சேஸிஸும் இன்ஜினும் நன்றாக இருந்தால், இரண்டு அச்சையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் ஒரே முறையில் முழுமையாகச் செய்யுங்கள். சேஸிஸ் துருப்பிடித்திருந்தால் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். 8 ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும் என்பதையும், 15 ஆண்டு கடந்த வண்டிக்கான கட்டணங்கள் 2022 ஏப்ரலில் உயர்ந்ததையும் கணக்கில் சேருங்கள்.

ரசீது இல்லாமல் சாமான் வாங்காதீர்கள். வாகன உதிரிபாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். சரக்கு வண்டிக்கான செலவு என்பதால், காம்பொசிஷன் திட்டத்தில் இல்லாத பதிவு பெற்ற வணிகர்கள் அந்த வரியை வரவு எடுத்துக்கொள்ளலாம். துண்டுச்சீட்டுக் கணக்கில் அது போய்விடும்.

உறுப்பினர்கள் கவனத்துக்குச் சில:

1. கிளம்பும்போது ‘டக்’ என்றால் கிராஸ். வேகம் பிடிக்கும்போது முனகினால் பினியன். திரும்பும்போது மட்டும் சத்தமென்றால் டிஃபரன்ஷியல் அல்லது சக்கர பேரிங். முதலில் இவற்றைப் பாருங்கள்.

2. ஹௌசிங் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடையில் இறங்கிய வண்டியில் உடனே பாருங்கள்.

3. ஹௌசிங் எண்ணெயும் கியர்பாக்ஸ் எண்ணெயும் ஒன்றென எண்ணாதீர்கள். கையேட்டில் உள்ள தரத்தையே ஊற்றுங்கள்.

4. சீரமைப்பைச் சீசனுக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிச் சரக்கு நேரத்தில் எந்தப் பட்டறையும் நிதானமாக வேலை செய்யாது.

5. டிரைவர் ‘சத்தம் வருது’ என்றால் அன்றே கேளுங்கள்.

எங்கள் வண்டி இப்போது மீண்டும் மலைக்குப் போய்வருகிறது. முன்பைவிட மூட்டை குறைவு. நடை ஒன்றிரண்டு அதிகம். டீசல் செலவு சற்றுக் கூடியிருப்பது உண்மைதான். ஆனாலும் வண்டி இறங்கும் நேரத்தில் நான் கல்லாவில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறேன்.