அடி பிடிக்காத வாணலி

சேலத்துக்காரர்களுக்கு ஒட்டுவது என்றால் என்ன என்று யாரும் பாடம் சொல்லித் தரவேண்டியதில்லை. மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பாலெடுத்து ஜவ்வரிசி செய்கிற ஊர் எங்களுடையது. ஜவ்வரிசி உப்புமாவை எவர்சில்வர் வாணலியில் கிளறிப் பார்த்தவர்களைக் கேளுங்கள். பாதி தட்டுக்கு வரும், பாதி வாணலியிலேயே குடியிருந்துவிடும். மகாராஷ்டிரத்தில் விரத நாள் என்றால் வீட்டுக்கு வீடு ஜவ்வரிசிக் கிச்சடிதான். அதற்கு வேண்டிய ஜவ்வரிசி இங்கிருந்துதான் மூட்டை மூட்டையாகப் போகிறது. வேடிக்கை என்னவென்றால், நம் நாட்டில் ஒட்டாத பாத்திரத்துக்கு முன்னோடியான 'நிர்லெப்' கம்பெனியும் அந்த மகாராஷ்டிரத்தில்தான், அன்றைய ஔரங்காபாத்தில், 1968இல் தொடங்கியது. நாம் ஒட்டுவதை அனுப்பினோம். அவர்கள் ஒட்டாததை அனுப்பிவிட்டார்கள்!

இப்போது கலியாணச் சீர்வரிசையில் குத்துவிளக்குக்குப் பக்கத்திலேயே நான்ஸ்டிக் 'செட்' ஒன்று பளபளப்பான பெட்டியில் உட்கார்ந்திருக்கிறது. தோசைத் தவா ஒன்று, வாணலி ஒன்று, கண்ணாடி மூடி போட்ட சட்டி ஒன்று. நாமக்கல்லில் வாக்கப்பட்ட என் தங்கைக்கும் புது வீடு புகுந்த அன்று இப்படி ஒன்று வந்தது. அந்தத் தவாவால் அவள் வீட்டில் நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஒரு நாள் காலையில் போன் வந்தது. குரலே சரியாக இல்லை.

"அக்கா, விடியறப்பக்கூட நல்லாத்தான் கத்திக்கிட்டு இருந்துச்சுங்க்கா. இப்பப் பாத்தா நாலும் கூண்டுக்குள்ள விழுந்து கிடக்குது" என்றாள்.

அவள் பையன் ஆசையாக வளர்த்த லவ் பேர்ட்ஸ். கூண்டு சமையலறை ஜன்னலோரம் தொங்கிக்கொண்டிருக்கும். என்ன ஆயிற்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். தோசை வார்க்கலாம் என்று தவாவை அடுப்பில் வைத்திருக்கிறாள். பெரிய பர்னர், முழுத் தீ. அந்தச் சமயம் பார்த்துக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் தண்ணீர் வந்துவிட்டால் வேறு எதற்கும் காது கேட்காது என்பது உங்களுக்குத் தெரியும். குடங்களை நிரப்பிவிட்டு வந்து பார்த்தால் சமையலறையில் லேசான புகை, தொண்டையைக் கரிக்கும் ஒரு வாசனை. பையன் இருமுகிறான். பறவைகள் கீழே கிடக்கின்றன. மாப்பிள்ளை முதலில் கேஸ் கசிவு என்று நினைத்து ஆளைக் கூப்பிட்டுப் பார்த்தார். கேஸில் ஒரு குற்றமும் இல்லை. வெறும் தவா வெறுந்தீயில் காய்ந்ததுதான் குற்றம்.

இதைக் கேட்டால் நம்ப முடியவில்லை, இல்லையா? தங்கையும் நம்பவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

ஒட்டாத பாத்திரத்தின் கறுப்புப் பூச்சுக்கு டெஃப்லான் என்று பெயர். 1938ஆம் வருஷம் ஏப்ரல் 6ஆம் தேதி, அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்ற இளம் ரசாயன நிபுணர், குளிர்சாதனப் பெட்டிக்கு உதவும் வாயு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். சிலிண்டரைத் திறந்தால் வாயு வரவில்லை. உள்ளே வெள்ளையாக மெழுகு போன்ற தூள் இருந்தது. அந்தத் தூளில் எதுவுமே ஒட்டவில்லை. அதை வாணலிக்குக் கொண்டு வந்தவர் பிரான்ஸ் தேசத்து மார்க் கிரெகுவார். தூண்டில் சாமான் சிக்காமல் இருக்க அவர் இந்தப் பூச்சைப் பயன்படுத்தப் போக, அவர் மனைவி, "என் சமையல் பாத்திரத்துக்கும் இதைப் பூசிக் கொடுங்களேன்" என்று கேட்டாராம். 1956இல் 'டெஃபால்' கம்பெனி பிறந்தது. ஆகவே சமையலறைக்கு இதைக் கூப்பிட்டு வந்த பெருமை ஒரு குடும்பப் பெண்ணுக்குத்தான் சேரவேண்டும்.

நல்ல பொருள்தான். ஆனால் அதற்குச் சூட்டில் ஓர் எல்லை உண்டு. சுமார் 260 டிகிரி வரை பேசாமல் இருக்கும். அதற்கு மேல் கெட ஆரம்பிக்கிறது. சூடு இன்னும் ஏற ஏறக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நச்சுப் புகை கிளம்பும். தோசை வேக 200 டிகிரி இருந்தால் தாராளம். ஆனால் லேசான தவா ஒன்றை மாவும் எண்ணெயும் இல்லாமல் முழுத் தீயில் வைத்தால் சில நிமிஷங்களிலேயே எல்லையைத் தாண்டிவிடும். உள்ளே ஏதாவது வேகும்போது அந்தப் பண்டம் சூட்டை வாங்கிக்கொள்ளும். வெறும் பாத்திரத்துக்கு அந்தத் தயவு கிடையாது.

பறவைகளின் நுரையீரல் நம்முடையதைப் போல அல்ல. மூச்சுக் காற்றிலிருந்து நம்மைவிட அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும்படி அமைந்தது. அந்தக் காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கானரிப் பறவையைக் கொண்டுபோனது இதனால்தான். காற்றில் விஷம் இருந்தால் முதலில் பலியாவது பறவை. நாமக்கல் வாசகிகளுக்கு, அதிலும் கோழிப் பண்ணை உள்ள குடும்பத்தாருக்கு, இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மிசௌரி மாகாணத்தில், குஞ்சுகளுக்குக் கதகதப்பு கொடுக்க மாட்டிய பல்புகளின்மேல் இதே பூச்சு இருந்ததால், கொட்டகையில் கோழிக் குஞ்சுகள் கூட்டமாக மடிந்திருக்கின்றன. புரூடர் பல்பு வாங்கும்போது அதன்மேல் என்ன பூச்சு என்று கடைக்காரரைக் கேட்டுவிடுங்கள்.

மனிதர்களுக்கு அவ்வளவு தூரம் போவதில்லை. அந்தப் புகையைச் சுவாசித்தால் குளிர், உடம்பு வலி, இருமல் என்று ஃப்ளூ ஜுரம் மாதிரி வந்து, பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும். மூச்சுத் திணறல் இருந்தால் மட்டும் டாக்டரிடம் போக யோசிக்கக் கூடாது. பையனுக்கு இருமல் அன்று மாலையே நின்றுவிட்டது.

இதற்காகத் தவாவைத் தெருவில் எறியச் சொல்லவில்லை. தெரிந்து வாங்கி, தெரிந்து உபயோகித்தால் அதைப்போல் சௌகரியம் வேறில்லை. எண்ணெய் குறைக்கச் சொல்லி டாக்டர் உத்தரவிட்ட வீட்டில் அது ஒரு வரப்பிரசாதம்.

வாங்கப் போகும்போது முதலில் 'செட்' என்ற வார்த்தைக்கு மயங்காதீர்கள். குழம்பும் ரசமும் கூட்டும் எவர்சில்வரில் நன்றாகவே வருகின்றன. அதற்கெல்லாம் பூச்சு எதற்கு? உங்கள் வீட்டில் நிஜமாகவே ஒட்டித் தொந்தரவு கொடுப்பது எது? முட்டையா, ஜவ்வரிசியா, ராகி தோசையா, மீனா? அதற்கு ஏற்ற பாத்திரம் ஒன்று வாங்கினால் போதும். மூன்று மெல்லிய பாத்திரங்களுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு கனமான பாத்திரம் வாங்குவது புத்திசாலித்தனம். கையில் எடுத்துப் பாருங்கள். தகடு 3 மில்லிமீட்டராவது இருக்கட்டும். மெல்லிசாக இருந்தால் நடுவில் மட்டும் கொதித்து ஓரத்தில் வேகாது. சீக்கிரம் அடி வளைந்தும் போகும். அடிப்பாகத்தில் ஒரு ஸ்கேலை நிமிர்த்தி வைத்துப் பார்த்தால் மட்டமாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்! இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் கைப்பையில் ஒரு காந்தத் துண்டு கொண்டு போங்கள். அடியில் காந்தம் பிடித்தால்தான் அந்த அடுப்பு அதை ஏற்கும்.

பெட்டியின்மேல் 'பி.எஃப்.ஓ.ஏ. இல்லாதது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அது வேறு ஒரு ரசாயனம். பூச்சைத் தயாரிக்கும்போது முன்பு அதைச் சேர்த்து வந்தார்கள். குடிநீரிலும் மனிதர் இரத்தத்திலும் போய்த் தங்கிவிடுகிறது என்று தெரிந்ததும் அமெரிக்காவின் பெரிய கம்பெனிகள் 2015க்குள் அதைக் கைவிட்டன. 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் அதை ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தன. 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்றே அதை வகைப்படுத்திவிட்டது. ஆகவே அது இல்லை என்பது நல்ல சங்கதிதான். ஆனால் அந்த வாசகத்தைப் படித்துவிட்டு, இந்தத் தவா எந்தச் சூட்டையும் தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். என் தங்கையின் பெட்டியிலும் அந்த வாசகம் இருந்தது. 'செராமிக்' என்று வெள்ளையாக விற்பது டெஃப்லான் இல்லை. சூட்டை அதைவிடத் தாங்கும். ஆனால் ஒட்டாத குணம் அதில் சீக்கிரம் போய்விடுகிறது.

வீட்டுக்கு வந்தபின் அதன் ஆயுள் அடுப்புத் திருகில் இருக்கிறது. அடுப்பை ஏற்றும் முன்பே சொட்டு எண்ணெய் விட்டுத் தடவிவிடுங்கள். சின்ன பர்னர், நடுத்தரத் தீ. எண்ணெய் புகைய ஆரம்பித்தால், அது உங்களை எச்சரிக்கிறது என்று எடுத்துக்கொண்டு உடனே தணியுங்கள். கடுகு தாளிப்பதை இதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அதற்குத்தான் இரும்புத் தாளிப்புக் கரண்டி இருக்கிறதே. வாசலில் யார் கூப்பிட்டாலும், போன் அடித்தாலும், தண்ணீரே வந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டுப் போங்கள். தோசைக்கல்லில் சுரீரென்று தண்ணீர் தெளிக்கிற பழக்கம் நம் கைக்கு ஊறிப்போனது. இதில் அப்படிச் செய்தால் பூச்சு வெடிக்கும், அடி வளையும். ஈரத் துணியால் மெல்லத் துடைத்தால் போதும். கிளற மரக் கரண்டி.

தேய்ப்பதில்தான் பல வீடுகளில் தகராறு. நீங்கள் எவ்வளவு பக்குவமாக வைத்திருந்தாலும், பாத்திரம் தேய்க்கிற அம்மா தேங்காய் நாரும் தூளும் போட்டு, "பாருங்கம்மா, எப்படிப் பளிச்சுனு ஆயிடுச்சு!" என்று அலுமினியம் தெரியக் கொண்டு வந்து வைப்பாள். அவள்மேல் கோபிக்காதீர்கள். பளிச்சென்று தேய்ப்பதுதான் நல்ல வேலை என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்தானே? இந்த ஒன்றை மட்டும் நீங்களே, ஆறிய பிறகு, மெத்தென்ற பஞ்சும் சோப்பும் போட்டுக் கழுவிவிடுங்கள். எண்ணெய் கருகிப் பிசுக்குப் பிடித்திருந்தால் தண்ணீரில் கொஞ்சம் சமையல் சோடா கலந்து சிறு தீயில் சுட வைத்து ஊற விட்டால் கழன்று வந்துவிடும். பாத்திரங்களை அடுக்கும்போது நடுவில் ஒரு பழைய துணி.

சிறு துணுக்கு ஒன்று தெரியாமல் வயிற்றுக்குள் போய்விட்டால் பதற வேண்டாம். அது ஜீரணமாகாமல் அப்படியே வெளியேறிவிடும். என்றாலும் பூச்சு உரிய ஆரம்பித்துவிட்டால் அந்தப் பாத்திரத்தின் காலம் முடிந்தது. சில வருஷம் உழைத்தாலே பெரிது. இங்கேதான் எனக்கு நம் பழைய தோசைக்கல்லின் மேல் மரியாதை பிறக்கிறது. பழகிய இரும்புக் கல்லில் ஏன் தோசை ஒட்டுவதில்லை தெரியுமா? தினமும் தடவும் எண்ணெய் சூட்டில் இறுகி மெல்லிய தோலாக இரும்பின்மேல் படிந்துவிடுகிறது. அதுவும் ஒரு பூச்சுதான். ஆனால் போய்விட்டால் திரும்ப வளர்க்கலாம்: கழுவி, காய வைத்து, நல்லெண்ணெய் தடவி, வெங்காயத்தால் தேய்த்து, நாலு நாள் பொறுமையாக இருந்தால் சரியாகிவிடும். டெஃப்லானை வீட்டில் வளர்க்க வழியில்லை.

சேலத்தில் இருந்துகொண்டு கல்சட்டியைச் சொல்லாமல் விட்டால் எங்கள் ஊரார் என்னைச் சும்மா விடமாட்டார்கள். மாக்கல்லைக் குடைந்து செய்கிற சட்டி. முட்டை பொரிக்க அது உதவாது. ஆனால் வத்தக் குழம்பும் கீரையும் அதில் தணிந்த சூட்டில் அடி பிடிக்காமல் வேகும், புளி எவ்வளவு ஊற்றினாலும் பாத்திரம் கெடாது. கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டாலும் குழம்பு பிறகும் சற்று நேரம் கொதித்துக்கொண்டேயிருக்கும். புதுச் சட்டியை அப்படியே அடுப்பில் ஏற்றினால் விரிந்துவிடும். விளக்கெண்ணெயும் மஞ்சள் பொடியும் பூசி வெயிலில் வைத்து, பிறகு தினம் வடித்த கஞ்சியை ஊற்றி மாற்றி ஒரு வாரம் பழக்க வேண்டும். அப்புறமும் எப்போதும் சிறு தீதான். கல்சட்டியை இத்தனை பயபக்தியோடு கையாளுகிற நாம், பெட்டியில் வந்த தவாவை மட்டும் ஏன் முழுத் தீயில் ஏற்றினோம் என்று தங்கையைக் கேட்டேன். "கல்சட்டிக்கு அம்மா சொல்லிக் குடுத்தாங்க. இதுக்கு யாருங்க்கா சொன்னாங்க?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்போது அவள் வீட்டில் தோசைக்கு அந்தப் பழைய இரும்புக் கல். செட்டில் பெரிய தவாவைப் போட்டுவிட்டாள். சின்னச் சட்டி மட்டும் ஆம்லெட்டுக்கு இருக்கிறது, அதுவும் சின்ன பர்னரில். முட்டைக்குத்தான் நாமக்கல்லில் பஞ்சமில்லையே! கூண்டைக் கழுவிப் பரண்மேல் வைத்திருக்கிறாள். பையன் மறுபடியும் பறவை கேட்கிறானாம். சமையலறைப் பக்கம் வேண்டாம், முன்வாசலில் மாட்டுவதானால் தீபாவளி கழித்து வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.