கரையில் பேசிய காலமும் கச்சேரியில் பேசும் காலமும்

திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளிக்குப் போகும் வழியில் உள்ள சல்லியை வெளியூரார் முத்துமாரியம்மன் கோயிலைக் கொண்டு அறிவார்கள். ஊரோ கடலை நம்பி இருப்பது. இப்படிப்பட்ட கரைகளில் எந்தப் பாட்டில், அதாவது வலை வளைக்கும் எந்தக் கரைப்பகுதியில், யார் முதலில் கரைவலை வளைப்பது, அடுத்த முறை யாருக்கு என்பவை அன்று பெரும்பாலும் மணலில் நின்றே பேசித் தீர்ந்தன. 1940ஆம் ஆண்டின் மீன்பிடிக் கட்டளைச் சட்டம் கொழும்பில் இருந்தது; கரையில் இருந்தது ஊர் வழக்கம். அந்தப் பேச்சு வட்டத்தில் வலைச் சொந்தக்காரர்களான சம்மாட்டிகளின் குரலே ஓங்கும். வலை இழுத்தவர்களுக்குப் பங்கு உண்டு, பேச்சு குறைவு. மீன் விற்ற பெண்களுக்கு அதுவும் இல்லை. அக்காலத்தைப் புகழ்பவர்கள் இதை வசதியாக மறந்துவிடுவார்கள்.

இடையில் உள்நாட்டுப் போர். கடலில் இறங்கவே பாஸ் கேட்ட ஆண்டுகளில், விதியைப் பற்றி மீனவரிடம் கருத்துக் கேட்பார் யார்?

இன்று எல்லாம் எழுத்தில் இருக்கிறது. 1996இன் 2ஆம் இலக்கச் சட்டம் பழைய கட்டளைச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது. அமைச்சர் ஆக்கும் ஒழுங்குவிதி வர்த்தமானியில் வெளியாகிறது. டைனமைட் வெடித்து மீன்பிடிப்பது குற்றம். 2017 திருத்தம் இழுவைமடியைத் தடைசெய்தது. ஊர்ப் பேச்சு ஒருபோதும் சாதித்திராத தடை அது. ஆனால் மீனவரிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் மாவட்டச் செயலகமான கச்சேரியில், காலை பத்து மணிக்கு; இரவு முழுதும் வலையோடு கிடந்தவன் மீனை விற்றுக் கணக்குப் பார்க்கும் நேரம்.

நன்னீரில் கதை வேறு. கரைவலைக்கு இருந்ததைப் போன்ற பழைய பாட்டு முறை குளத்து மீன்பிடிக்கு இல்லை. 1952இல் திலாப்பியா கொண்டுவரப்பட்ட பிறகே அது பெருந்தொழிலானது. 1990இல் அரசு தன் ஆதரவை நிறுத்திக்கொண்டது. உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகலாமா என்ற பௌத்த எதிர்ப்பு அதற்குப் பின்னால் இருந்தது. கேள்வி அறம் சார்ந்தது, விலையைக் கொடுத்தவர்கள் குளத்து மீனவர்கள். 1994இல் ஆதரவு திரும்பியது. 1998இல் நீருயிரின வளர்ப்புக்கென, நெக்டா என்று அழைக்கப்படும் அதிகாரசபைக்கான சட்டம் வந்தது. இப்போது குளத்துக்குச் சங்கம் உண்டு, குஞ்சு விடுவதற்குத் திட்டம் உண்டு, வலைக்கண்ணுக்கு அளவு உண்டு.

ஆனால் மீனுக்கு முதல் விதி தண்ணீர். கந்தளாய் போன்ற குளங்களில் நீர் திறக்கும் நாளைப் பெரும்போக, சிறுபோக ஆரம்பக் கூட்டங்கள் தீர்மானிக்கின்றன. அவை விவசாயிகளின் கூட்டங்கள். குளம் வயலுக்காகக் கட்டப்பட்டது என்ற நியாயத்தை மறுக்க முடியாது. ஆயினும் வலைக்கண்ணின் அளவைப் பற்றி மீனவரைக் கேட்டுவிட்டு, மீன் வாழும் நீரின் மட்டத்தைப் பற்றிப் பேச அவருக்கு வேறொரு கூட்டத்தின் கடைசி வரிசையைக் காட்டுவது அரைக் கலந்தாலோசனைதான்.