பந்தலைப் போன்றதோர் உணர்சூழல்

மணவீட்டின் முன் பந்தல் இடுகிறோம். எத்தனை கால்கள் நடுவது, வாயில் எத்திசையில் அமைவது என்பதை வீட்டாரே முடிவு செய்கின்றனர். விழா முடிந்ததும் பந்தல் பிரிக்கப்பட்டு, தெரு பழைய தெருவாகிவிடுகிறது. இன்றைய கணினி அறிவியலிலும் இத்தகைய பந்தல்கள் எழுந்துள்ளன. அவற்றை 'உணர்சூழல்' எனலாம்.

கணினி தனிப்பெட்டியாய் நில்லாது, சுற்றுப்புறத்தோடு கலந்து மறைய வேண்டும் என்னும் கருத்தை, அமெரிக்க அறிஞர் மார்க் வைசர் 1991ஆம் ஆண்டில் விரித்துரைத்தார். அக்கருத்தின் வழிவந்தவையே உணரிகள். வெப்பம், ஈரம், ஒளி, அசைவு ஆகியவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ அறியும் உறுப்பு, சிறு செயலி, வானொலி, மின்கலம் ஆகியன ஒருங்கே அமைந்த சிறு கருவி இது. மின்கலம் விரைவில் தீர்ந்துவிடாதிருக்கப் பெரும்பொழுது உறங்கும். குறித்த நேரத்தில் விழித்து, அளந்து, செய்தியை அனுப்பி, மீண்டும் உறங்கும். தொலைவு மிகுந்தால் ஒன்று மற்றொன்றுக்குச் செய்தியைக் கைமாற்றும்.

இதன் பயனை அமெரிக்காவின் மெயின் மாநிலக் கடற்கரைக்கு அப்பாலுள்ள கிரேட் டக் தீவில் காணலாம். அங்கே 'லீச்' எனப்படும் புயற்பறவைகள் மண்வளைகளில் முட்டையிடுகின்றன. மனிதர் அடிக்கடி நெருங்கினால் அவை கூட்டைத் துறந்துவிடக்கூடும். ஆராயச் சென்றவரே அழிவுக்குக் காரணமாகலாம் என்பதே இடர்ப்பாடு. 2002ஆம் ஆண்டுக் கோடையில், பெர்க்லி ஆய்வாளர்கள் 32 கருவிகளை அங்கு நிறுவினர். இரண்டு சிறு மின்கலங்களால் இயங்கிய அவை வளையின் வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்தன; செய்தி செயற்கைக்கோள் வழியே கரை சேர்ந்தது. அன்றாடம் மனிதர் அருகே செல்ல வேண்டிய தேவை குறைந்தது.

இவ்வாற்றல் இன்று அறிஞர்க்கு மட்டும் உரியதன்று. 2016ஆம் ஆண்டில் பிரிட்டனில் 'மைக்ரோபிட்' என்னும் சிறு பலகை, பதினொன்று, பன்னிரண்டு அகவையுடைய ஏறத்தாழ பத்து இலட்சம் மாணவர்க்கென இலவசமாக அளிக்கப்பட்டது. 'வெப்பம் இவ்வளவுக்கு மேல் உயர்ந்தால் விளக்கு எரிக' என மாணவரே அதற்கு ஆணை எழுதலாம். மறுநாள் அதனை அழித்து வேறோர் ஆணை எழுதலாம். பந்தற்காலை இடம் மாற்றி நடுவது போன்றதே இது.

ஆயினும் ஒன்று சிந்திக்கற்பாலது. பறவையைத் துன்புறுத்தாது நோக்கும் அதே கருவி, மனிதரை அவர் அறியாமலே நோக்கவும் வல்லது. முதியவர் தனித்து வாழும் இல்லத்தில் கதவு திறந்ததை அறிவிக்கும் உணரி அவருக்குத் துணையாகும். அவருடைய இசைவின்றி வைக்கப்பட்டால் அதுவே ஒற்றாகும். எனவே எதனை அளக்கிறோம், யார் காண்பார், என்று அகற்றுவோம் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே கருவியை நிறுவ வேண்டும்.

விழா முடிந்தும் பிரிக்கப்படாத பந்தல் வழிப்போக்கர்க்கு இடையூறாகும். அமைக்கக் கற்கும் மாணவச் செல்வங்கள், அகற்றவும் கற்பார்களாக.