பாராமற் சொல்லுதல்

“நேற்றிரவு இரண்டு மணிவரை படித்தேன், வினாத்தாளைக் கண்டதும் யாவும் மறந்துவிட்டன” என்று முறையிடும் மாணவரை ஆண்டுதோறும் காண்கின்றோம். அவர் பொய் சொல்பவரல்லர். பன்முறை வாசித்த பாடம் பழகிய முகம்போலத் தோன்றும். ஆயின், எதிர்ப்பட்டவரை இன்னாரென அறிதல் வேறு. அவர் இல்லாதவிடத்து அவர் பெயரை நினைத்தெடுத்தல் வேறு. பரீட்சை மண்டபம் வேண்டுவது பின்னதையே. அதனையோ நம் மாணவர் பயில்வதில்லை.

உரோடிகர், கார்ப்பிக் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை நன்கு விளக்குகின்றது. மாணவருள் ஒரு சாரார் ஓர் உரைப்பகுதியை நான்கு வேளை படித்தனர். வேறொரு சாரார் ஒரு வேளை படித்து, எஞ்சிய மூன்று வேளையும் அதனைப் பாராமலே நினைவில் நின்றவற்றை எழுதினர். ஐந்து நிமிடத்தின்பின் சோதித்தபோது முன்னவர் நூற்றுக்கு 83 பங்கும் பின்னவர் 71 பங்கும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரத்தின்பின் சோதிக்கப்பட்டவர்களிடத்தோ நிலை தலைகீழாயிற்று: முன்னவர்க்கு 40, பின்னவர்க்கு 61. இதில் வியப்பு யாதெனின், மீளமீள வாசித்தவரே தமக்கு நன்றாய் நினைவிருக்கும் என்று நம்பியிருந்தனர்.

“ஏட்டை மூடிவிட்டுப் பாராமற் சொல்” என்ற நம் திண்ணைப்பள்ளிச் சட்டம்பியார் இந்த நுட்பத்தைக் கையாண்டவரே. பவணந்தி முனிவரும் நன்னூற் பாயிரத்திலே, பாடங்கேட்பவன் தன்னை ஒத்தாரோடு பயிலவும், வினாவவும், வினாவியவற்றுக்கு விடை கூறவும் வேண்டுமென்றார். விடை கூறுதலையும் கற்றலின் பகுதியாக வைத்தமை நோக்கற்பாலது. நினைவுக்குக் கைப்பிடியாவன செய்யுளிலேயே உள. ஒரு பாட்டின் ஈறு அடுத்ததன் முதலாகும் அந்தாதியிலே பாட்டு வரிசை தவறுவதில்லை. சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதி சொற்களை எதுகை முறையில் அடுக்கித் தருகின்றது. இவற்றைக் கிளிப்பிள்ளைப் பாடம் என இகழ்வார் உளர். பொருளுணராது ஒப்புவித்தலை நாமும் விரும்போம். ஆனால் நினைவில் ஒன்றுமில்லாதவன் எதனைக்கொண்டு சிந்திப்பான்?

இனி, காலம். செருமானியரான எபிங்கவுசு பொருளற்ற அசைகளைத் தாமே பாடமாக்கிச் சோதித்து 1885 இல் நூலொன்று வெளியிட்டார். மீளக் கற்கையில் மிச்சமான உழைப்பு ஒருநாட் கழிந்தபின் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. ஒரு மாதங் கழிந்தபின் ஐந்திலொரு பங்கு. எனவே, பெரும்பகுதி முதல் நாளிலேயே போய்விடுகின்றது. பொருளுள்ள பாடம் இத்துணை விரைவில் மறவாதெனினும், அன்று மாலையே ஒருமுறை, மறுநாள், ஒரு வாரத்தின்பின், ஒரு மாதத்தின்பின் எனப் பாராமற் சொல்லிப் பார்த்தல் நன்று. சொல்ல வராத பகுதியை மட்டும் புத்தகத்தைத் திறந்து படித்தாற் போதும். நித்திரையைக் குறைத்தல் கூடாது. கற்றவை மூளையில் உறைவதற்கு அது துணைசெய்கின்றது.

ஆசிரிய நண்பர்க்கும் ஒரு சொல். வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில், சென்ற வாரப் பாடத்திலிருந்து மூன்று வினாக்கள் கேட்டு, கொப்பியைப் பாராமல் விடையெழுதச் செய்யலாம். அதற்குப் புள்ளி இடவேண்டாம். புள்ளி இட்டால் அடுத்தவன் தாளை எட்டிப் பார்ப்பார்கள்.