இழப்பீடும் ஆறு மாதக் கெடுவும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

கணிதம் படிக்கும் மாணவனுக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என் கையில்தான் கொடுப்பார்கள். அப்படி என் கைக்கு வந்த ஒரு காகிதமே இக்கட்டுரைக்குக் காரணம்.

2025 ஜனவரியில் என் சித்தப்பா வேலை முடிந்து சைக்கிளில் திரும்பும்போது லாரி மோதி இறந்தார். கொத்தனார், வயது 42. சித்தி, இரண்டு பிள்ளைகள், பாட்டி ஆகிய நால்வரும் அவர் உழைப்பையே நம்பியிருந்தனர். காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாயிற்று. "அதான் கேஸ் போட்டாச்சே, கோர்ட்டு பாத்துக்கும்" என்றார்கள் ஊர்ப் பெரியவர்கள். நாங்களும் நம்பி இருந்துவிட்டோம். எட்டாம் மாதம் முதல் தகவல் அறிக்கையின் நகலை எடுத்துக்கொண்டு சித்தியுடன் ஒரு வழக்கறிஞரிடம் போனேன். அவர் தேதியைப் பார்த்துவிட்டு, "ஆறு மாதம் தாண்டிவிட்டதே, தம்பி" என்றார்.

வழக்கு ஒன்றல்ல, இரண்டு

ஒரு சாலை விபத்திலிருந்து இரண்டு வழக்குகள் பிறக்கின்றன. ஓட்டுநரைத் தண்டிப்பதற்காகக் காவல்துறை நடத்துவது குற்றவியல் வழக்கு. அதில் ஓட்டுநருக்குத் தண்டனை கிடைத்தாலும், இறந்தவர் வீட்டு அடுப்பு எரிய வழி பிறப்பதில்லை. இழப்பீடு வேண்டுமானால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தனியே மனுச் செய்ய வேண்டும். இது உரிமையியல் வழக்கு. மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பதால், பணம் தருவது பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனமே. இந்த வேறுபாடு தெரியாததால்தான் நாங்கள் எட்டு மாதங்களை இழந்தோம்.

சட்டம் வளர்ந்த வரலாறு

பிறரது தவறால் ஒருவர் இறந்தால் அவர் குடும்பம் இழப்பீடு கேட்கலாம் என்ற உரிமையை 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துகள் சட்டம் நம் நாட்டில் நிலைநாட்டியது. அதற்கு உரிமையியல் நீதிமன்றம் ஏற வேண்டும். செலவும் மிகுதி, காலமும் மிகுதி. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 1956இல் செய்த திருத்தம், இதற்கெனத் தனித் தீர்ப்பாயங்களை மாநில அரசுகள் அமைக்க வழி செய்தது. தவறு யாருடையது என்று மெய்ப்பிக்காமலேயே ஒரு சிறு தொகை பெறும் உரிமையை 1982ஆம் ஆண்டுத் திருத்தம் தந்தது. உயிரிழப்புக்கு அன்று அது 15,000 ரூபாய்.

இன்றுள்ள சட்டம் 1988ஆம் ஆண்டினது. அதில் முதலில் மனுவுக்கு ஆறு மாதக் கெடு இருந்தது. தக்க காரணம் காட்டினால் ஓராண்டு வரை ஏற்கலாம். ஏழைகள் இதனால் உரிமை இழப்பதைக் கண்டு, 1994இல் நாடாளுமன்றம் அக்கெடுவையே நீக்கிற்று. கால் நூற்றாண்டுக்குப் பின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஆறு மாதக் கெடுவை மீண்டும் கொணர்ந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இம்முறை தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் அந்தப் பிரிவில் இல்லை.

உயிருக்கு ஒரு கணக்கு

தீர்ப்பாயம் தொகையை எவ்வாறு நிர்ணயிக்கிறது? உச்ச நீதிமன்றம் 2009இல் சரளா வர்மா வழக்கிலும் 2017இல் பிரணய் சேத்தி வழக்கிலும் முறையை வகுத்துள்ளது. சித்தப்பாவின் மாத வருவாய் 12,000 ரூபாய் என்று கொள்வோம்.

ஆண்டு வருவாய் 1,44,000. நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட, நிலையான வேலை இல்லாதவருக்கு எதிர்கால உயர்வாக 25 விழுக்காடு கூட்டினால் 1,80,000. நம்பியிருந்தோர் நால்வர் ஆதலால், அவர் தமக்கென்று செலவிட்டிருக்கக்கூடிய கால் பங்கைக் கழித்தால் 1,35,000. 41 முதல் 45 வயது வரை பெருக்கும் எண் 14. ஆக 18,90,000 ரூபாய். ஈமச்செலவு முதலியவற்றுக்கான தொகைகள் இதனுடன் சேரும்.

ஐந்தாம் வகுப்பு மாணவனும் போடக்கூடிய கணக்கு இது. ஆனால் கெடு தாண்டினால் இத்தனையும் ஒரு நொடியில் பூச்சியம்! பூச்சியத்தால் பெருக்கினால் என்னவாகும் என்று கணிதத் துறையில் எனக்குக் கற்பித்தார்கள். வாழ்க்கையில் அதை அன்று கண்டேன்.

கெடு தேவையா?

காலம் கடந்தால் சாட்சிகள் மறந்துபோவார்கள், தடயங்கள் அழியும், பொய் வழக்குகள் புகும் என்பது கெடுவை ஆதரிப்போர் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் புரோநோட்டு எழுதி வாங்கிக் கடன் கொடுத்தவருக்கு வழக்குத் தொடர மூன்றாண்டு அவகாசம் உண்டு. நுகர்வோர் புகாருக்கு இரண்டாண்டு உண்டு. கணவனைப் பறிகொடுத்த பெண்ணுக்கு மட்டும் ஆறு மாதந்தானா? துக்கம் ஆறி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கூலி வேலை தேடி நிமிரவே ஓராண்டு ஆகிறது. காவல்துறை விரிவான விபத்து அறிக்கையை 90 நாட்களுக்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அதையே மனுவாகக் கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. எங்கள் விஷயத்தில் அந்த அறிக்கை உரிய காலத்தில் போய்ச் சேரவில்லை.

இக்கெடுவை எதிர்த்த மனுக்களை விசாரித்த உச்ச நீதிமன்றம், காலம் கடந்தது என்று கூறி இழப்பீட்டு மனுக்களைத் தள்ளலாகாது என 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு இட்டது. எங்கள் மனுவும் அதன் நிழலில் நிற்கிறது. ஆயினும் அது இடைக்கால உத்தரவே; அதை நம்பி யாரும் காலந்தாழ்த்தலாகாது.

நாம் செய்யத்தக்கன

நம் கல்லூரியில் என்னைப் போல் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர் பலர். நம் தெருவில் விபத்து நேர்ந்தால் நாம் சொல்ல வேண்டியவை நான்கே. முதல் தகவல் அறிக்கையின் நகலை உடனே வாங்குக. மருத்துவச் சீட்டுகளையும் வருமானச் சான்றுகளையும் பத்திரப்படுத்துக. ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனுச் செய்க. குடியிருக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே செய்யலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையெனில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுக. வருமானம் எதுவாயினும் பெண்களுக்கு அங்கு இலவச உதவி உண்டு. மோதிய வண்டி அடையாளம் தெரியாமல் ஓடிவிட்டாலும், உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் பெறத் தனித்திட்டம் இருக்கிறது.

"நீ இன்னும் கொஞ்சம் முன்னாடி படிச்சிருக்கக் கூடாதா?" என்று சித்தி ஒருநாள் கேட்டார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு விடை தெரியவில்லை. இதைப் படித்த நண்பர் ஒருவராவது, தம் ஊரில் ஒரு வீட்டுக்கு ஆறாம் மாதத்துக்கு முன்னே இச்செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பாராயின், அதுவே என் விடையாகும்.