இடமும் வலமும்

வீட்டில் இசைத்தட்டு பாடிக்கொண்டிருக்கையில் இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்று திடீரென்று ஊமையாகிவிட்டால் என்ன செய்வது? சேரன்மகாதேவி போன்ற ஊர்களில் இருப்போர், பெட்டிகளைக் கட்டிப் பேருந்தில் ஏற்றித் திருநெல்வேலிக்குக் கொண்டு செல்லவே நினைப்பர். பல வேளைகளில் அந்த அலைச்சல் தேவையில்லை. பழுதைக் கண்டறியும் வழியை ஸ்டீரியோ அமைப்பே நமக்குத் தந்திருக்கிறது.

ஸ்டீரியோ என்பது ஒலியை இரண்டு தனி வழிகளில் கொண்டுவரும் முறை. ஆலன் புளும்லைன் என்னும் ஆங்கிலப் பொறியியலார் 1931-ல் இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். எனினும் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் பரவலாக விற்பனைக்கு வந்தது 1958-ல்தான். தட்டில் உள்ள பள்ளம் ஒன்றே. அதன் ஒரு சுவரில் இடப்பக்கத்து ஒலியும் மறு சுவரில் வலப்பக்கத்து ஒலியும் பொறிக்கப்பட்டுள்ளன. ஊசி இரண்டையும் ஒருங்கே உணர்கிறது. அதன்பின் இடமும் வலமும் ஆம்ப்ளிபயர், கம்பி, ஸ்பீக்கர் என்று இரட்டைப் பிள்ளைகளைப் போல் இணையாகச் செல்கின்றன. ஒன்று நோயுற்றால் மற்றதை வைத்துச் சோதிக்கலாம் அன்றோ?

இடது ஸ்பீக்கர் பேசவில்லை என்று கொள்வோம். முதலில் மின்சாரப் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஆம்ப்ளிபயரின் பின்புறத்தில் இரு ஸ்பீக்கர் கம்பிகளையும் இடம் மாற்றிப் பொருத்துங்கள். மீண்டும் இயக்கும்போதும் இடது ஸ்பீக்கரே ஊமையாயிருந்தால், குறை அந்த ஸ்பீக்கரிலோ அதன் கம்பியிலோ உள்ளது. அது பாடி, வலது ஸ்பீக்கர் ஊமையானால், குறை அதற்கு முன்னே எங்கோ இருக்கிறது. இப்போது ஸ்பீக்கர் கம்பிகளைப் பழையபடி வைத்துவிட்டு, ரிகார்டு பிளேயரிலிருந்து வரும் இரு கம்பிகளை மாற்றிச் செருகுங்கள். ஊமைத்தனம் வலப்பக்கம் சென்றால் பிளேயரில் குறை. இடத்திலேயே நின்றால் ஆம்ப்ளிபயரில் குறை. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் விடை கிடைக்காது. பௌதிகச் சோதனைச்சாலையில் நீங்கள் பின்பற்றும் நெறியும் இதுதான்.

குறை ஆம்ப்ளிபயரில் என்று தெரிந்தால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பெட்டியைத் திறப்பது பயின்றவர் வேலை.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வயல்கள் சூழ்ந்த ஊரில் காற்றில் ஈரம் மிகுதி. செம்புக் கம்பியின் முனையில் களிம்பு ஏறுவது இயல்பு. முனையைச் சுரண்டி இறுக்கினாலே பல ஸ்பீக்கர்கள் பேசத் தொடங்கிவிடும். அவ்வாறு இறுக்கும்போது ஒரு ஸ்பீக்கரின் இரு கம்பிகளைத் தலைமாற்றிப் பொருத்திவிடலாகாது. ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். தாழ்ந்த ஓசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி மெலிந்து கேட்டால் இதை ஐயுறலாம்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடியும் மின்னலும் வரும். சுவிட்சை அணைப்பது போதாது. அதனுள் இருக்கும் சிறு இடைவெளி மின்னலுக்கு ஒரு பொருட்டன்று. பிளக்கையும் ஏரியல் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். 1963-ல் தொடங்கிய திருநெல்வேலி வானொலியை மத்திய அலையில் கேட்டு வளர்ந்தோர் ஒன்றை அறிவர்: தொலைவில் மின்னும்போதே ரேடியோ படபடக்கும். இடியோசை எட்டுமுன் வரும் அந்த எச்சரிக்கையைக் கேட்டவுடன் கழற்றிவிடலாம். மின்னல் தலைக்கு மேல் வந்தபின் கம்பிகளைத் தொடுவது உயிருக்கே ஆபத்து.

பழைய வீடுகளில் பாட்டனார் காலத்து இசைத்தட்டுகள் இருக்கக்கூடும். நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும் அத்தட்டுகள் பெரும்பாலும் அரக்குக் கலந்து செய்யப்பட்டவை. ஊசியைத் துடைக்கும் ஸ்பிரிட்டைக் கொண்டு அவற்றைத் துடைத்தால் அரக்குக் கரைந்து, பாட்டு மீளாமல் அழிந்துபோகும். உலர்ந்த மெல்லிய தூரிகையே போதும். அவற்றின் பள்ளம் அகலமானது. புதுத் தட்டின் நுண்ணிய ஊசி அதன் அடியில் உராய்ந்து இரைச்சலே தரும். ஆதலின் அவற்றிற்குரிய தடித்த ஊசியைப் பொருத்தியே இயக்க வேண்டும்.