ஏற்றத்தில் வண்டி திணறுதா? டர்போ பூஸ்ட் மீட்டர் பொருத்துவது எப்படி, கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

பட்டு நெசவுக்குப் பேர்போன ஆரணி வட்டாரத்தில் இருக்கிறது முள்ளிப்பட்டு. தறியில் உட்கார்ந்தவருக்குப் பாவு தளர்ந்தால் விரல் பட்டதுமே தெரிந்துவிடும். ஆனால், அதே ஊரில் டீசல் பிக்கப் ஓட்டுபவருக்கு, இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம் குறைந்தால் எப்படித் தெரியும்? போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் மலைப்பாதையில் சுமையோடு ஏறும்போது, ‘என்னப்பா, வண்டி இழுக்கவே மாட்டேங்குது’ என்று தோன்றும் வரை தெரியாது. சின்ன ஹோஸ் கிழிசலாக இருந்த பிரச்சினை, அதற்குள் டர்போவையே மாற்றும் செலவாக வளர்ந்திருக்கலாம்.

இந்த இடத்தில்தான் பூஸ்ட் மீட்டர் உதவுகிறது. இது வெறும் ஸ்டைலுக்கான பொருள் இல்லை.

பூஸ்ட் என்றால் என்ன?

வீணாக வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழல, அதே தண்டில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். இதுதான் டர்போ. சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-ல் காப்புரிமை பெற்ற யோசனை இது. இன்று ஆரணிக்குப் பக்கத்து மாவட்டமான ராணிப்பேட்டையின் புலிவலத்திலேயே டர்போ எனர்ஜி நிறுவனம் டர்போக்களைத் தயாரிக்கிறது.

கடல் மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சுமார் 14.7 பிஎஸ்ஐ. அதற்கு மேல் டர்போ எவ்வளவு கூட்டுகிறதோ, அதுவே பூஸ்ட். 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

1. இன்ஜின் ஆறிய பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

2. இன்டர்கூலருக்குப் பிறகு, இன்டேக் மேனிஃபோல்டில்தான் அழுத்தத்தை எடுக்க வேண்டும். மேப் சென்சாருக்குச் சின்ன ஹோஸ் போகிறது என்றால், அதில் ‘டி’ ஜாயின்ட் போடலாம். சென்சார் நேராக மேனிஃபோல்டிலேயே முடுக்கப்பட்டிருந்தால், அந்த மாடலுக்கான அடாப்டர் தேவை.

3. பிரேக் பூஸ்டர் ஹோஸில் கை வைக்கவே கூடாது. பெரும்பாலான டீசல் வண்டிகளில் அது வேக்யூம் பம்ப்பிலிருந்து வருவது. அங்கே டர்போ அழுத்தம் இருக்காது. ஜாயின்ட் கசிந்தால் பிரேக் கல்லாகிவிடும்.

4. டர்போ ஆக்சுவேட்டருக்குப் போகும் ஹோஸையும் தவிர்ப்பது நல்லது. வேஸ்ட்கேட் வகையில் அந்த ஹோஸ் கசிந்தால் கேட் சரியாகத் திறக்காது, அழுத்தம் எல்லை மீறும்.

5. மெக்கானிக்கல் மீட்டருக்கு ஹோஸ் கேபினுக்குள்ளேயே வரும். எலக்ட்ரானிக் மீட்டருக்கு சென்சார் வெளியே நின்றுவிடும், ஒயர் மட்டும்தான் உள்ளே வரும். எதுவானாலும் புகைக்குழாய் பக்கம் போகாமல், ஏற்கனவே உள்ள ரப்பர் கிராமெட் வழியாகக் கொண்டு வாருங்கள்.

6. சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைனில், தனி ஃப்யூஸோடு இணைப்பு கொடுங்கள். எர்த் ஒயர், பெயின்ட் இல்லாத உலோகத்தில் இறுக்கமாக இருக்கட்டும். ஏர்பேக் விரியும் இடத்தில் மீட்டரை வைக்க வேண்டாம்.

வாரண்டி காலம் முடியாத வண்டி என்றால், சர்வீஸ் சென்டரில் கேட்ட பிறகு கை வைப்பதே நல்லது.

முள் நகரலையா? பதறாதீங்க

டீசல் வண்டி ஐடிலில் நிற்கும்போது முள் 0-வை ஒட்டி நிற்பது இயல்பு. டர்போ பெட்ரோல் காரில் மட்டும், ஐடிலில் முள் 0-க்குக் கீழே வேக்யூம் பக்கம் இறங்கும். நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் பெரிதாக ஏறாது. சுமை இருந்தால்தான் டர்போ வேலை செய்யும். அதனால், சாலையில் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். முள்ளைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், ஓட்டுபவர் ரோட்டைப் பார்க்கட்டும்.

முள் அசையவே இல்லை: ஹோஸ் மடங்கியிருக்கலாம் அல்லது தவறான லைனில் ஜாயின்ட் போட்டிருக்கலாம். எலக்ட்ரானிக் என்றால் ஃப்யூஸ், எர்த், சென்சார் பிளக்கைப் பாருங்கள்.

முள் நடுங்குகிறது: காற்றின் துடிப்பு நேராக மீட்டருக்கு வருகிறது. ஹோஸில் சின்னத் துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் போட்டால் அடங்கும்.

பூஸ்ட் குறைவு: முதலில் நீங்கள் போட்ட ‘டி’ ஜாயின்ட்டைப் பாருங்கள். புதிதாகக் கை வைத்த இடத்தில்தான் கசிவுக்கு வாய்ப்பு அதிகம். அடுத்து இன்டர்கூலர் ஹோஸ், கிளாம்ப், ஏர் ஃபில்டர். ஹோஸ் ஓரத்தில் புதிதாக எண்ணெய்ப் பிசுக்கு, முடுக்கும்போது ‘உஸ்’ சத்தம், கறுப்புப் புகை ஆகியவை கசிவின் அடையாளங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தால், ஆக்சுவேட்டரையும் டர்போவையும் மெக்கானிக் பார்க்க வேண்டும்.

பூஸ்ட் அதிகம்: உடனே காலை எடுங்கள். வேஸ்ட்கேட் சிக்கியிருக்கலாம். அப்படியே ஓட்டினால் இன்ஜினுக்கே ஆபத்து. புதிய வண்டிகளில் இசியு தானே சக்தியைக் குறைத்து ‘லிம்ப் மோடு’க்குப் போய்விடும்.

மீட்டர் பொய் சொல்கிறதா?

அழுத்த மீட்டர் உள்ள சைக்கிள் பம்ப் போதும். வண்டியிலிருந்து கழற்றிய மீட்டர் ஹோஸில் (எலக்ட்ரானிக் என்றால் சென்சாரில்) பம்ப்பை மாட்டி, மெதுவாக 10 பிஎஸ்ஐ வரை ஏற்றுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டினால் மீட்டர் சரி. கோளாறு வண்டியில்தான்.

ஓபிடி கருவி வழியாகச் செல்போனில் பார்ப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். நிற்கும் வண்டியிலேயே 100 கேபிஏ காட்டும். அது வெளிக்காற்றின் அழுத்தம். அதைக் கழித்தால்தான் பூஸ்ட். 200 காட்டினால் 1 பார் என்று பொருள்.

எத்தனை காட்டினால் சரி?

இது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். பக்கத்து வண்டியின் எண்ணோடு ஒப்பிட்டுப் பயனில்லை. வண்டி நன்றாக ஓடும் நாளில், தெரிந்த ஒரு ஏற்றத்தில், வழக்கமான சுமையோடு, ஒரே கியரில் எத்தனை காட்டுகிறது என்று குறித்து வையுங்கள். ஒருநாள் அதே ஏற்றத்தில் அந்த எண் குறைந்தால், அன்றே பானெட்டைத் திறந்து பாருங்கள். ஒரு கிளாம்ப்பை முடுக்குவதோடு வேலை முடிந்துவிடலாம்.